எத்தியோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தியவர்கள் எழுதுங்கள்: மறக்க முடியாத ஒரு சந்திப்பு

பழைய சாக்பீஸ்

தெற்கே, ரிஃப்ட் பள்ளத்தாக்கு ஏரிகளை ஒட்டிய ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் துறையில் இருந்தேன். 70:30 காலம் என்றால் அங்கே வேலை பார்த்தவர்களுக்குப் புரியும். நூறு பேரில் எழுபது பேரை அறிவியல், தொழில்நுட்பப் பிரிவுகளில் சேர்க்க வேண்டும் என்று அரசு வகுத்திருந்ததால் எங்கள் வகுப்புகள் நிரம்பி வழிந்தன. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாமாண்டு மாணவர்களுக்கு மின்சுற்றுப் பாடத்தில் தெவெனின் தேற்றம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் சுற்று ஒன்றை வரைந்து, இந்த மின்தடையை எடுத்துவிட்டால் இரு முனைகளுக்கு இடையே எவ்வளவு வோல்ட் இருக்கும் என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. பதில் தெரியாத வகுப்பு எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தலைகள் குனியும், கண்கள் ஜன்னலுக்குப் போகும். இங்கே எல்லாத் தலைகளும் நிமிர்ந்திருந்தன, பேனாக்கள் தயாராக இருந்தன, எல்லோரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானே விடையை எழுதியதும் மொத்த வகுப்பும் ஒரே நேரத்தில் குனிந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டது. எந்தக் கேள்விக்கும் இதுவே நடந்தது.

ஒரு நாள் ஆய்வகத்தில் மல்டிமீட்டரைத் திருப்பித் தர வந்த மாணவனிடம் காரணம் கேட்டேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து தங்களுக்குப் பாடம் நடத்தியது பிளாஸ்மா என்றான். 2004 முதல் அங்குள்ள மேல்நிலைப் பள்ளிகளுக்குச் செயற்கைக்கோள் வழியாக, பிளாஸ்மா தொலைக்காட்சித் திரையில், ஆங்கிலத்தில் பாடம் ஒளிபரப்பினார்கள் அல்லவா, அதைத்தான் சொன்னான். திரையில் இருப்பவர் கேள்வி கேட்பாராம், நேரம் ஓடுமாம், பிறகு அவரே விடையைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாராம். உள்ளூர் ஆசிரியருக்குத் தொடக்கத்திலும் முடிவிலும் சில நிமிடங்கள் மட்டுமே. மின்சாரம் போனால் அன்றைய பாடம் போனதுதான். "கேட்பதும் நீங்கள்தான், பதில் சொல்வதும் நீங்கள்தான் என்று நினைத்தோம், சார்" என்று மிகுந்த மரியாதையுடன் சொன்னான்.

மறுவாரம் கேள்வியை எழுதிவிட்டு, சாக்பீஸை முதல் பெஞ்சில் வைத்துவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். நெடுநேரம் கழித்து ஒரு பெண் எழுந்துபோய் விடையை எழுதினாள். தவறான விடை. இன்னொருவன் ஓடிப்போய் அதை அடித்துத் திருத்தினான்; அதுவும் தவறு. அந்த வகுப்பில் முதன்முறையாகச் சத்தம் கேட்டது அன்றுதான்.

கோவை மெக்கானிக்கல்

மேலே எழுதிய ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் பழி முழுவதையும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில் கட்டுவதை ஏற்க இயலவில்லை. பிளாஸ்மா வருவதற்கு முன்பும் இதே மௌனம் இருந்தது என்று அங்குள்ள மூத்த ஆசிரியர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 1994-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைக்குப் பிறகு தொடக்கக் கல்வி தாய்மொழியில் நடக்கிறது. அம்ஹாரியம், ஓரோமோ, திக்ரிஞா, சோமாலி, சிடாமா என்று அவரவர் வட்டாரத்துக்கு ஏற்ற மொழி. ஒன்பதாம் வகுப்பில், சில வட்டாரங்களில் ஏழாம் வகுப்பிலேயே, எல்லாப் பாடமும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. மாறுகிற அந்த ஆண்டில் பிள்ளைகளுக்குக் கைகொடுக்க ஆள் இல்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். வெப்ப இயக்கவியல் வகுப்பில் ஒரு மாணவனிடம் எந்திரத்தின் திறனைப் பற்றிக் கேட்டேன். எழுந்து நின்றான், பேசவில்லை. நான் பலகைப் பக்கம் திரும்பியதும் பக்கத்தில் இருந்தவனுக்கு அம்ஹாரிய மொழியில், கையால் பிஸ்டனை இழுத்துத் தள்ளிக் காட்டி, விளக்கத் தொடங்கினான். எனக்கு அந்த மொழி அரைகுறையாகத்தான் தெரியும், ஆனால் கை செய்ததில் பிழையே இல்லை. ஈரோடு பக்கம் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் பொறியியல் கல்லூரியின் முதல் செமஸ்டரில் உட்கார்ந்த எவருக்கும் இதற்கு விளக்கம் வேண்டாம். இதைக் கேட்டுவிட்டுத் தாய்மொழிவழிக் கல்வியை எடுத்துவிட வேண்டியதுதானே என்று யாராவது கிளம்பினால், அவர்களோடும் எனக்குச் சண்டைதான்.

இனி அங்கே போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பட்டச் சான்றிதழ்களுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பத்தோடு, புதுடெல்லியிலுள்ள எத்தியோப்பியத் தூதரகத்தின் முத்திரையும் வாங்குங்கள். அங்கே போய்ச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டால் மாதக்கணக்கில் அலைய நேரிடும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டு அந்த அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள். போகும்போது யாரும் கேட்காவிட்டாலும், விடுமுறைக்குத் திரும்பும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்திவிடுவார்கள். சம்பளத்தில் எவ்வளவு பங்கை வெளிநாட்டுப் பணமாக ஊருக்கு அனுப்பலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். 2024 ஜூலையில் அந்நாட்டு நாணயமான பிர்ரைச் சந்தை விலைக்கு விட்ட பிறகு அதன் மதிப்பு எப்படிச் சரிந்தது என்பதை அங்கே இருப்பவர்களிடம் கேட்டால் அப்படி எழுதி வாங்குவதன் அருமை தெரியும். தேர்வு அட்டவணை வந்தால் அது எந்த நாட்காட்டி, எந்தக் கடிகாரம் என்று முதலில் கேளுங்கள். அவர்கள் பொழுது விடிவதிலிருந்து மணியை எண்ணுவதால் நம் காலை 8 மணி அவர்களுக்கு 2 மணி, ஆண்டோ ஏழெட்டு பின்தங்கி ஓடும், மாதங்கள் பதின்மூன்று.

மேட்டுநிலத்தான்

தடுப்பூசி பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை; இருந்தாலும் நன்றி, நண்பரே. பிளாஸ்மாவா மொழியா என்ற வழக்கில் நுழையாமல் நான் பார்த்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

2022 அக்டோபரில் பன்னிரண்டாம் வகுப்புத் தேசியத் தேர்வைப் பள்ளிகளில் நடத்தாமல் பல்கலைக்கழக வளாகங்களில் நடத்தினார்கள். அதற்கு முந்தைய கதை எல்லோரும் அறிந்ததே: 2016-இல் வினாத்தாள் வெளியாகித் தேர்வையே ரத்து செய்தார்கள், மறு ஆண்டு தேர்வு நாட்களில் நாடு முழுவதும் இணையத்தை முடக்கினார்கள், அப்படியும் தேர்வறையிலேயே விடை சொல்லித்தருகிற வழக்கம் ஓயவில்லை. ஆகவே எங்கள் மாணவர்களை வீட்டுக்கு அனுப்பி விடுதிகளைக் காலி செய்து, பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்துகளில் கொண்டுவந்து இறக்கினார்கள். பலர் தங்கள் ஊரைத் தாண்டியதே இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

வாயிலில் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஒல்லியான ஒரு பையன், தோளில் போர்வை, கையில் ஒரு துணிப்பை. பையில் கோலோ இருந்தது. வறுத்த பார்லி, நம் பொரிகடலை மாதிரி வழிப்பயணத்துக்கு வீட்டில் கட்டிக்கொடுப்பது. காவலர் அதைத் தரையில் விரித்த துணியில் கொட்டச் சொல்லி, குந்தி உட்கார்ந்து, துண்டுச்சீட்டு ஏதும் கலந்திருக்கிறதா என்று விரலால் பரப்பிப் பரப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பையன் துணியின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்துப் பைக்குள் சாய்த்தான். வெளியே சிதறியவற்றையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, காவலருக்கு ஒரு பிடி கொடுத்தான். அவரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

சுமார் 9 லட்சம் பேர் எழுதிய அந்தத் தேர்வில் பாதி மதிப்பெண்ணைத் தொட்டவர்கள் 3.3 சதவீதம். ஒருவர்கூடத் தேறாத பள்ளிகள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். பாதியைத் தொடாவிட்டாலும் அதற்கு அடுத்த நிலையில் இருந்தவர்களுக்கு ஈடுசெய்யும் வகுப்புகளைப் பல்கலைக்கழகங்களிலேயே அரசு தொடங்கியது, நானும் ஒரு பிரிவுக்குக் கணிதம் எடுத்தேன். முந்தைய ஆண்டுகளில் காப்பியடித்துத் தேறியவர்கள் எத்தனை பேர் என்று இப்போது புரிகிறதா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளி அவர்களுக்கு என்ன கொடுத்தது என்பதல்லவா முதலில் கேட்க வேண்டியது?

ஆறாம் கிலோமீட்டர்

நான் அடிஸ் அபாபாவில் ஆங்கிலம் கற்பித்தவள். சித்திஸ்ட் கிலோ வளாகம் ஹெய்லி செலாசி பேரரசர் தம் அரண்மனையையே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த இடம் என்பதும், அவருடைய படுக்கையறையை இன்றும் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் சந்திப்பு அந்த அரண்மனையில் அல்ல, அதற்குச் சற்றுத் தள்ளி, ஒரு ஆவண அலுவலகத்தின் வரிசையில் நடந்தது.

முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்து, நீங்கள் இந்தியரா, எனக்கு இந்திய ஆசிரியர்தான் இயற்கணிதம் கற்பித்தார் என்றார். அங்கே எழுபது வயதைத் தொட்ட யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பேரரசர் காலத்தில் நம் நாட்டிலிருந்து, பெரும்பாலும் கேரளத்திலிருந்து, ஏராளமான ஆசிரியர்கள் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் போயிருக்கிறார்கள். நானும் வழக்கமான பாராட்டை எதிர்பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். அவர் தொடர்ந்தார்: "அவர் புத்தகத்தைத் திறக்காமல் நடத்துவார். என் மகனுக்கும் பல்கலைக்கழகத்தில் ஓர் இந்தியர்தான் வந்தார். ஸ்லைடைப் பார்த்துப் படித்துவிட்டுப் போய்விடுவாராம்." கோபமே இல்லாமல், வானிலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு அவருடைய முறை வந்துவிட்டது.

மேலே முதலில் எழுதிய இருவரையும் கேட்கிறேன். மாணவர்களின் மௌனத்துக்குத் திரையும் மொழியும் காரணம் என்கிறீர்கள், சரி. இரண்டே பல்கலைக்கழகங்கள் இருந்த நாட்டில் சில பத்தாண்டுகளுக்குள் நாற்பதுக்கும் மேல் திறந்தபோது, அவசரத்துக்கு ஆள் எடுத்தார்கள். அப்படி வந்த நம்மவர்களில் அரும்பாடுபட்டவர்களும் உண்டு, பிறர் தயாரித்த பவர்பாயிண்ட்டைப் பெயர் மாற்றிப் போட்டு ஒப்பந்தக் காலத்தைக் கழித்தவர்களும் உண்டு. திரையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்திலும் இன்னொரு திரையைத்தானே காட்டினோம்? ஆய்வகத்தில் காரணம் கேட்ட ஐயாவைச் சொல்லவில்லை. கேட்காமலேயே ஊர் திரும்பியவர்களைச் சொல்கிறேன்.

இரண்டாம் செமஸ்டர்

அம்மா சொல்வது சுடுகிறது, ஆனாலும் சரிதான். நான் கணக்கியல் துறையில் இன்னும் அங்கேதான் இருக்கிறேன், ஆகையால் இது பழைய கதை அல்ல.

2023 ஜூலை முதல் இளங்கலை முடிப்பவர்கள் எல்லோரும் வெளியேறும் தேர்வு எழுதி 50 மதிப்பெண் எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாலும் பட்டம் கிடையாது. முதல் சுற்றில் தனியார் கல்லூரிகளின் நிலை அரசுப் பல்கலைக்கழகங்களைவிட மிக மோசமாக இருந்தது. என்னிடம் செலவுக் கணக்கியல் படித்த ஒரு பெண், எல்லாப் பருவத்திலும் நல்ல மதிப்பெண், நான்கே மதிப்பெண்ணில் தவறவிட்டாள். அங்கே பட்டமளிப்பு என்பது குடும்பத்துக்கே கல்யாணம் மாதிரி. கவுன் போட்டு ஸ்டூடியோவில் படம் எடுப்பதை முன்கூட்டியே முடித்துவிடுவார்கள். தேர்வு முடிவு வந்த மறுநாள் என் அறைக்கு வந்து, சட்டம் போட்ட படத்தை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஊரில் இதை மாட்டலாமா கூடாதா?" என்று கேட்டாள். அண்ணன் ஆடு விற்றுக் கவுனுக்குப் பணம் அனுப்பியிருந்தாராம். மாட்டச் சொன்னேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ, தெரியவில்லை.

தேர்வு தேவையில்லை என்று நான் வாதாடவில்லை. வகுப்பில் தாராளமாக ஏ கிரேடு கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டவர்களை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் அந்தத் தாராளத்துக்கு விலை கொடுத்தது அவள்தான், நாங்கள் அல்ல. எங்கள் ஒப்பந்தம் அவ்வாண்டும் நீட்டிக்கப்பட்டது.

இப்போது அவள் மறுதேர்வுக்குப் பதிந்திருக்கிறாள், ஊரிலிருந்தே படிக்கிறாள், இணையம் அங்கே சரியாக வருவதில்லை. தணிக்கை, செலவுக் கணக்கியல் ஆகிய இரண்டுக்கும் அச்செடுக்கக்கூடிய மாதிரி வினாத்தாள்கள் யாரிடமாவது இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். சனிக்கிழமை அந்தப் பக்கம் போகும் பேருந்தில் கொடுத்தனுப்புகிறேன்.