ஸ்டென்ட் வச்ச பிறகு குளிசை: உங்கட வீட்டில என்ன நடந்தது?

கல்லடிப் பொடியன்:
அப்பாக்கு அட்டாக் வந்து, ஹார்ட் குழாய் அடைபடாம உள்ளுக்கு வைக்கிற கம்பிவலை, அதான் ஸ்டென்ட், வச்சு நாலு மாசம். மருந்து பூசினதுதான். அம்மா வெத்திலை வட்டாவைத் துடைக்க எடுத்தா, பாக்குக்குக் கீழ ரோஸ் கலர்ல, ரத்தம் கட்டாம இரிக்கக் குடுத்த குளோப்பிடோகிரல். எண்ணினன், 19 குளிசை. கேட்டதுக்கு, "உள்ளுக்கே மருந்து பூசிக் கிடக்கு மனே, வாயாலயும் என்னத்துக்கு?" எண்டு சிரிச்சாரு. எனக்குப் பதில் வரல்ல. அதுதான் இன்னும் குடையுது.

காத்தான்குடி மகள்:
எங்கட வாப்பாக்கு ஸ்டென்ட் வச்சு அஞ்சாம் மாசம் நோன்பு. பல்லுப் புடுங்கப் போன இடத்தில, ரத்தம் நிக்காது, குளோப்பிடோகிரலை நிப்பாட்டிட்டு வாங்க எண்டிரிக்காங்க. ஹார்ட் கிளினிக்கில கேக்காம நாங்களும் நிப்பாட்டிட்டம். ஒம்பதாம் நாள் சஹருக்கு எழும்பினவரு, தண்ணிக் கோப்பையோட அப்படியே குந்திட்டாரு. கோப்பை உடையல்ல, உருண்டு கதவடிக்குப் போச்சு. ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் கட்டிட்டாம். ஆள் தப்பிட்டாரு. எனக்கு அந்தக் கோப்பைச் சத்தம்தான்.

அக்கரைப்பற்று பார்மசிக்காரன்:
என்ட மாமாக்கு 2001ல மருந்து பூசாத வெறும் கம்பிதான் வச்சது, ஏழு மாசத்தில திரும்ப ஒடுங்கிட்டு. என்ட கதை அவ்வளவுதான்.

கல்லடித் தம்பி, அப்பா ரெண்டு விசயத்தை ஒண்டாக்கிட்டாரு. கம்பி வச்ச இடத்தில காயம் ஆறக்குள்ள சதை வளந்து குழாய் ஒடுங்கும். பூசின மருந்து அதைத்தான் தடுக்கும். முதல்ல வந்தது சிரோலிமஸ், ஈஸ்டர் தீவு மண்ணில இருந்த கிருமியில எடுத்தது. அது பூசின ஸ்டென்ட்டுக்கு அமெரிக்காவில 2003ல அனுமதி குடுத்தாங்க. ஆனா சதையைத் தடுக்கிற மருந்து, கம்பிக்கு மேல தோல் மூடுறதையும் பிந்தப்பண்ணும். மூடாத கம்பியில ரத்தம் கட்டும். அதுக்குத்தான் ஆஸ்பிரினோட குளோப்பிடோகிரல், அட்டாக் வந்த ஆளுக்கு வழமையா 12 மாசம். மருந்து பூசினதாலதான் குளிசையை விட ஒண்ணா. காத்தான்குடியில நோன்பெண்டு ரெண்டு நாள் விட்டும் இரிப்பாரு. மறுகா, வயித்தெரிவுக்கு ஒமெப்ரசோல் போட்டா டொக்டர்கிட்டச் சொல்லுங்க, அது குளோப்பிடோகிரல்ட வேலையைக் குறைக்கும். ஸ்டென்ட் கார்டைப் போட்டோ எடுத்து வைங்க. பீடியையும் விடச் சொல்லுங்க.

காத்தான்குடி மகள்:
நோன்பை ஏன் இழுக்கீங்க? நோன்பு திறந்தா வாப்பா முதல்ல போடுறது அந்தக் குளிசையைத்தான். பல்லுக்கு நிப்பாட்டினது எண்டு எழுதித்தானே இரிக்கு.

கல்லடிப் பொடியன்:
அப்பா பீடி குடிக்கிறல்ல. கிளினிக்கில காட்டிட்டு வந்தம், பேச்சு விழுந்தது எனக்கு. வட்டா இப்ப அம்மாட அறையில. ராவைக்குக் குளிசையைப் போட்டு நாக்கைக் காட்டினாத்தான் வெத்திலை. அப்பா என்னோட கதைக்கிறல்ல.