புதுப்பிப்பு: 79 தந்துவிட்டு முடங்கிய பூட்லோடர், சிக்கல் தீர்ந்தது

முன்பு கேட்டது: எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலரின் பூட்லோடருக்கு (சீரியல் வழியே நிரல் ஏற்ற உதவும் உள்ளமைந்த நிரல்) தொடக்க பைட்டாக ஹெக்ஸ் 7எஃப் அனுப்பினால் 79 (‘சரி’ என்ற பதில்) வருகிறது, அடுத்த கட்டளைக்குப் பதிலே இல்லை.

காரணம் பாரிட்டி (ஒவ்வொரு பைட்டோடும் போகும் பிழை சரிபார்ப்பு பிட்). இந்த பூட்லோடருக்கு 8 பிட், ஈவன் பாரிட்டி (ஒன்றுகளின் மொத்தம் இரட்டைப்படை), 1 ஸ்டாப் பிட் (பைட்டின் முடிவைக் குறிப்பது, எப்போதும் 1) வேண்டும். சீரியல் போர்ட் பாரிட்டி இல்லாமல் திறந்திருந்தது. பைனரியில் 7எஃப்-இல் ஏழு ஒன்றுகள், 79-இல் ஐந்து. இரண்டுக்கும் பாரிட்டி பிட் 1 என்பதால் ஸ்டாப் பிட்டே அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. ஏமாற்றும் இடம் இதுதான்! அடுத்து அனுப்பும் கெட் கட்டளையின் (பூட்லோடர் ஏற்கும் கட்டளைகளைக் கேட்பது) 00, எஃப்எஃப் இரண்டுக்கும் பாரிட்டி 0; அங்கே எல்லாம் குலைகிறது.

ஈவன் பாரிட்டிக்கு மாற்றியதும் நிரல் முழுதாக ஏறிவிட்டது. ரீசெட்டுக்குப் பின் 7எஃப்-ஐ ஒரே முறை அனுப்புங்கள். மறுமுறை அனுப்பினால் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். கடைசியில் பூட்0 பின்னை (சிப் எதிலிருந்து தொடங்கும் என்பதைத் தீர்மானிப்பது) கிரவுண்டுக்கு மாற்றி ரீசெட் செய்யுங்கள், இல்லையேல் மறுபடி பூட்லோடரே எழும்.