ஆப்பிள் ஜூஸில் ஆர்சனிக் ரிக்கவரி 138%, காட்மியம் சரியாக வருகிறது, ஏன்?

கேள்வி:
எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்குப் பாக்கெட் ஆப்பிள் ஜூஸை ஐசிபி-எம்எஸ்ஸில் (தனிமங்களைப் பிளாஸ்மாவில் அயனியாக்கி, நிறைவாரியாக அளக்கும் கருவி) ஓட்டுகிறேன். டைஜஷன் (அமிலத்தில் சூடாக்கிச் சிதைப்பது) இல்லை, 2% நைட்ரிக் அமிலத்தில் பத்து மடங்கு டைல்யூட் செய்து வடிகட்டி நேராக ஏற்றுகிறேன். 5 பிபிபி (நூறு கோடியில் 5 பங்கு) ஸ்பைக் போட்டு, சேர்த்ததில் எத்தனை சதவீதம் திரும்ப வருகிறது (ரிக்கவரி) என்று பார்த்தால் காட்மியம், ஈயம், மாங்கனீசு எல்லாம் 95-லிருந்து 103-க்குள் நிற்கின்றன, ஆர்சனிக் 138, செலினியம் 145. ஸ்டாண்டர்டைப் புதிதாகப் போட்டும் மூன்று நாளாக இதே கதைதான். இன்டர்னல் ஸ்டாண்டர்ட் (சிக்னல் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்ய எல்லாவற்றிலும் ஒரே அளவு சேர்ப்பது) ஜெர்மானியம். இந்த எண்ணோடு கைடு முன்னால் போய் நிற்க முடியாது.

பதில் 1:
பிளாஸ்மா வாயுவான ஆர்கானின் நிறை 40, குளோரின் 35, சேர்ந்தால் 75. ஆர்சனிக்கும் 75. இப்படிச் சேர்ந்த அயனிகளைத் தடுக்கும் ஹீலியம் மோட் போடுங்கள்.

கேட்டவர்:
ஹீலியத்தில்தான் ஓட்டுகிறேன் அண்ணா.

பதில் 2:
குளோரின் இல்லை. அதுவாக இருந்தால் ஸ்பைக் போட்டதிலும் போடாததிலும் ஒரே அளவு கூடியிருக்கும், கழித்தால் போய்விடும், ரிக்கவரி ஏறாது. உங்களுக்கு ஸ்லோப்பே (செறிவுக்கு ஏற்பச் சிக்னல் ஏறும் விகிதம்) மாறுகிறது, அப்படியானால் கார்பன். ஜூஸில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை, பத்து மடங்கு கரைத்தும் 1% மிஞ்சுகிறது. ஆர்சனிக், செலினியம் இரண்டும் அவ்வளவு லேசில் அயனியாகாது, 9.8 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் வேண்டும். பிளாஸ்மாவில் உள்ள கார்பன் அயனி அவற்றிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது, சிக்னல் தூக்குகிறது. ஈயத்துக்கு 7.4 போதும், ஜெர்மானியத்துக்கு 7.9, அதனால் உங்கள் இன்டர்னல் ஸ்டாண்டர்டுக்கு இது தெரியவே தெரியாது. ஹீலியமும் இதில் உதவாது.

பிளாங்க் (சாம்பிள் இல்லாத கரைசல்), ஸ்டாண்டர்ட், சாம்பிள் மூன்றிலும் ஒரே அளவாக 2% ஐசோபுரோபனால் சேருங்கள், ஜெர்மானியத்துக்குப் பதில் டெல்லூரியம். மைக்ரோவேவ் டைஜஷனும் செய்யலாம், ஆனால் அமிலம் ஊற்றியதும் வெசலை மூடிவிடாதீர்கள், சர்க்கரை பொங்கும், நுரை அடங்கட்டும். அப்புறம், குரோமியம் பார்ப்பதாக இருந்தால் ஹீலியத்தை நிறுத்தவே கூடாது, 52-இல் ஆர்கானும் கார்பனும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்.

பதில் 3:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உணவு, மருந்து அமைப்பான எஃப்டிஏ 2023 ஜூனில் ஆப்பிள் ஜூஸுக்கு இறுதி செய்த 10 பிபிபி வரம்பு, கனிம ஆர்சனிக்குக்கு மட்டும். நீங்கள் அளப்பது மொத்த ஆர்சனிக். 10-ஐத் தாண்டினால் எச்பிஎல்சி-யில் (திரவ குரோமட்டோகிராபி) ஆர்சனிக் வகைகளைப் பிரித்துப் பார்க்காமல் 'வரம்பு மீறல்' என்று எழுதிவிடாதீர்கள், வைவாவில் மாட்டுவீர்கள்.

கேட்டவர்:
ஐசோபுரோபனால் ஊற்றினேன், ஆர்சனிக் 104, செலினியம் 107! டெல்லூரியம் லேபில் இல்லை, கேட்டிருக்கிறேன். இப்போது பிளாங்கில் துத்தநாகம் எகிறுகிறது.

பதில் 2:
பவுடர் போட்ட கையுறையா? துத்தநாகம் அதிலிருந்து வரலாம்.

கேட்டவர்:
ஆமாம். சரி, மாற்றுகிறேன்.