முன்பருவ ஆட்டங்களில் எதைப் பார்ப்பது? என்.எஃப்.எல். அணிகளின் ஆயத்தம் குறித்து ஒரு கேள்வி

வியாசர்பாடி கோல்கீப்பர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதிச் சிறுவர்களுக்குக் கால்பந்து பயிற்றுவித்து வருகிறேன். அந்தப் பழக்கத்தினால், எந்த விளையாட்டானாலும் ஆட்டத்தைவிட அதற்கு முந்தைய ஆயத்தத்தின்மேல்தான் என் கண் போகிறது. சில பருவங்களாக அமெரிக்கக் கால்பந்தையும் தொடர்ந்து பார்க்கிறேன். செப்டம்பரில் தொடங்கும் பருவத்துக்கு, அங்குள்ள தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் தயாராகும் முறையில் இரண்டு செய்திகள் எனக்குப் பிடிபடவில்லை.

ஆகஸ்டில் அணிகள் மூன்று முன்பருவ ஆட்டங்கள் ஆடுகின்றன. ஆனால் பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் தொப்பி அணிந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். அப்படியானால் அணி தேறிவிட்டதா என்பதை நாம் எதைக்கொண்டு கணிப்பது? அடுத்து, முகாமுக்கு 90 பேரை அழைத்து, பருவம் தொடங்கும் முன் 37 பேரை வெளியே அனுப்பி, 53 பேரோடு நிற்கிறார்கள். தொடக்கத்திலேயே 60 பேரை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? 18 பையன்களுக்கு ஜெர்சி வாங்கவே ஆள் தேடி அலையும் எனக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை.

பெரம்பூர் லோகோ:

கோல்கீப்பர் அண்ணா, முன்பருவ ஆட்டங்களின் வெற்றி தோல்விக் கணக்கை முதலில் ஒதுக்கிவிடுங்கள். 2008இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணி முன்பருவத்தில் ஆடிய நான்கிலும் வென்றது (அப்போது நான்கு ஆட்டங்கள் இருந்தன). உண்மையான பருவத்தில் 16 ஆட்டங்களிலும் தோற்றது. 2017இல் கிளீவ்லேண்ட் பிரௌன்ஸ் அணியும் அச்சுப் பிசகாமல் அதையே செய்தது.

இனி 90 பேர் கணக்கு. தாக்குதலுக்கு 11 பேர், தடுப்புக்கு 11 பேர், ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மாற்று ஆள் என்று வைத்தால் 44 ஆகிறது. பந்தை உதைக்கும் கிக்கர், பன்ட்டர், அவர்களுக்குப் பந்தைப் பின்னோக்கி எறியும் லாங் ஸ்னாப்பர் ஆகிய மூவரையும் சேர்த்தால் 47. மிஞ்சுவது ஆறே இடங்கள். முகாமில் நடக்கும் சண்டை பெரும்பாலும் இந்த ஆறு இடங்களுக்கும், மாற்று ஆள்களின் வரிசையில் கடைசியாக உள்ள சில இடங்களுக்கும்தான். மேலும், 140 கிலோ எடையுள்ள லைன்மேன்கள் நாள்தோறும் ஒருவரையொருவர் முட்டித் தள்ளும் பயிற்சியை 60 பேரை வைத்துக்கொண்டு நடத்தினால், முதல் ஆட்டத்துக்கு முன்பே பாதி அணி படுத்துவிடும்.

செலவும் நீங்கள் நினைப்பதுபோல் இல்லை. அணிகளுக்கு ஊதிய உச்சவரம்பு உண்டு. 2025இல் அது ஓர் அணிக்கு 27.92 கோடி டாலர். ஆனால் பருவம் தொடங்கும் வரை மிக உயர்ந்த 51 ஒப்பந்தங்கள் மட்டுமே அந்த வரம்புக்குள் முழுமையாகக் கணக்கிடப்படுகின்றன. எஞ்சியவர்களைச் சேர்த்துச் சோதித்துப் பார்ப்பதில் வரம்புக்குப் பெரிய பாரமில்லை.

உண்மையான சிக்கல் வெளியே அனுப்பும் நாளில்தான் வருகிறது. 32 அணிகளும் தலா 37 பேரை விடுவித்தால் ஏறத்தாழ 1,180 பேர் வெளியே நிற்பார்கள். நான்கு பருவ அனுபவம் நிரம்பாத இளைஞரை விடுவித்தால், அவர் முதலில், மற்ற அணிகள் கேட்டு எடுத்துக்கொள்ளக்கூடிய வேய்வர் பட்டியலுக்குப் போகிறார். சென்ற பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கே அவரைக் கேட்கும் முதல் உரிமை. எவரும் கேட்காவிட்டால்தான் பழைய அணி அவரைத் தன் 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவுக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆகவே, நான்காம் கால்பகுதியில் முகம் தெரியாத ஓர் இளைஞர் நன்றாக ஆடும்போது, அவரை இழக்காமல் எப்படி ஒளித்து வைப்பது என்ற கவலை பயிற்சியாளருக்குத் தொடங்கிவிடுகிறது. நான் முன்பருவ ஆட்டங்களைப் பார்ப்பதே அந்தக் கடைசிக் கால்பகுதிக்காகத்தான்.

ராயபுரம் மூன்றாம் வரிசை:

லோகோ சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. முன்பருவத்தைக் கடைசி ஆறு பேரின் கதையாக மட்டும் பார்த்தால், இரண்டாம் குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவரின் மாற்று ஆளை, மறந்துவிடுவோம். அணி தயாரா என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது அவரைத்தான்.

1998இல் 16 ஆட்டங்களில் நான்கை மட்டும் வென்ற செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி, 1999 பருவத்துக்குக் குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனை நம்பித் தயாரானது. ஆகஸ்டில் ஒரு முன்பருவ ஆட்டத்தில் அவருடைய முழங்கால் போய்விட்டது. அவருக்குப் பதிலாக வந்த கர்ட் வார்னர், சில ஆண்டுகளுக்கு முன்பு மளிகைக் கடையில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தவர். அந்தப் பருவத்தில் 41 டச்டவுன் பந்துகள் (எதிரணியின் இறுதிப் பகுதியில் புள்ளி தேடித் தருபவை) வீசி, லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும், இறுதிப் போட்டியான சூப்பர் பௌலையும் வென்றார். மறுபுறம், 2023இல் நியூயார்க் ஜெட்ஸ் கோடை முழுவதையும் ஏரன் ராட்ஜர்ஸைச் சுற்றியே கட்டியெழுப்பியது. முதல் ஆட்டத்தில் அவர் ஆடிய நான்காவது ஸ்னாப்பிலேயே (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) அவருடைய குதிகால் தசைநார் அறுந்தது. அன்றைய ஆட்டத்தை ஜெட்ஸ் கூடுதல் நேரத்தில் வென்றது உண்மைதான். பருவத்தைக் காப்பாற்ற முடியவில்லை. வார்னர் போன்றவர் எல்லா அணிக்கும் வாய்ப்பதில்லை என்பதும் உண்மை. ஆயினும், இரண்டாம் ஆள் பந்தை எவ்வளவு விரைவாக விடுவிக்கிறார், தடுப்பு வரிசை மாறி நிற்பதைப் பார்த்துத் தன் ஆள்களை நகர்த்துகிறாரா என்பதைக் காண நமக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு ஆகஸ்ட்தான்.

காசிமேடு உடற்பயிற்சி:

நீங்கள் இருவரும் ஆகஸ்ட் ஆட்டங்களிலேயே நிற்கிறீர்கள். தயாரிப்பு ஏப்ரலிலேயே தொடங்கிவிடுகிறது: ஒன்பது வாரங்கள், மூன்று கட்டங்கள், முதலில் உடல்வலுவும் வகுப்புகளும், பிறகு மோதல் இல்லாத களப் பயிற்சி. ஜூலை இறுதியில் முகாம் திறந்தாலும் தோள் கவசத்தை உடனே மாட்டுவதில்லை. உடல் வெப்பத்துக்குப் பழகுவதற்கென்று முதல் சில நாள்களை ஒதுக்குகிறார்கள்.

இந்தக் கவனத்துக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. 2001 ஆகஸ்டில் மின்னசோட்டா வைக்கிங்ஸ் முகாமில் கோரி ஸ்ட்ரிங்கர் என்ற 27 வயது லைன்மேன் வெப்பத்தாக்கினால் இறந்தார். தலைக்கவசமும் தோள் கவசமும் வியர்வை ஆவியாவதைத் தடுப்பதால், உள்ளே சேரும் சூடு வெளியேற வழியில்லாமல் போகிறது. கவசம் அணிந்து ஒரே நாளில் இருமுறை பயிற்சி செய்யும் வழக்கத்தை, லீகுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான 2011 ஒப்பந்தம் நிறுத்தியது. இன்று முகாம்களில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பதும், குளிர்ந்த நீர்த்தொட்டியைத் தயாராக வைப்பதும் வழக்கமாகிவிட்டது. வெப்பத்தாக்கு ஏற்பட்டவரை முதலில் அந்த நீரில் அமர்த்திக் குளிர்வித்த பிறகே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் ஏற்கப்பட்ட முறை.

கோல்கீப்பர் தம்பி, இது உங்கள் பையன்களுக்கும் பொருந்தும். கத்திரி வெயிலில் முகாம் வைப்பதாக இருந்தால், பழகுவதற்கு 10 முதல் 14 நாள்கள் கொடுங்கள். களத்தின் ஓரத்தில் ஒரு பெரிய தொட்டி நீரும் ஐஸும் இருக்கட்டும். மீன்பிடித் துறைமுகத்தை வைத்துக்கொண்டு நாம் ஐஸுக்கு அலைய வேண்டியதில்லை.

வியாசர்பாடி கோல்கீப்பர்:

மூவருக்கும் நன்றி. ஐஸ் தொட்டியை இவ்வாண்டே வைத்துவிடுகிறேன், அண்ணா. இன்னும் ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது: முதல் வரிசை ஆட்டக்காரர்கள் முன்பருவத்தில் ஆடவே இல்லையென்றால், வேறோர் அணியை எதிர்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு எங்கே கிடைக்கிறது?

பெரம்பூர் லோகோ:

கூட்டுப் பயிற்சியில் கிடைக்கிறது, அண்ணா. இரண்டு அணிகள் ஓரிரு நாள்கள் ஒரே மைதானத்தில் சேர்ந்து பயிற்சி செய்கின்றன. குவார்ட்டர்பேக் வேறு நிறச் சட்டை அணிந்திருப்பார். அவரை எவரும் தொடக் கூடாது. மூன்றாவது டவுன் (பந்தை 10 கெஜம் நகர்த்தக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), கோல் கோட்டருகே, கடைசி இரண்டு நிமிடங்கள் என வேண்டிய சூழலைத் தேர்ந்தெடுத்துத் திரும்பத் திரும்ப ஆடலாம். ஆட்டத்தில் அப்படிக் கேட்டுப் பெற முடியாது. ராம்ஸ் பயிற்சியாளர் ஷான் மெக்வே தன் முதன்மை ஆட்டக்காரர்களை முன்பருவத்தில் இறக்காமலேயே பருவங்களைத் தொடங்கி, 2021 பருவத்தில் சூப்பர் பௌலும் வென்றிருக்கிறார். ராயபுரத்தாருக்கு வருத்தம்தான், இரண்டாம் குவார்ட்டர்பேக்கை ஆகஸ்டில் கண்ணாரப் பார்த்துவிடலாம், முதலாமவரைக் காணச் செப்டம்பர் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.