முனை பளபளக்கும் எலும்பு: கருவியா, இயற்கையின் வேலையா?

மண்ணடுக்கு:
நீள எலும்பின் சில்லு ஒன்று. ஒரு முனை கூராகி வழவழவென்று மின்னுகிறது. இதைக் குத்தூசி என்று பதிவேட்டில் எழுதலாமா? செய்தபோது விழுந்த தடத்தையும் பயன்படுத்தியபோது விழுந்த தடத்தையும் எப்படிப் பிரித்தறிவது? பார்க்குமுன் எப்படிச் சுத்தம் செய்வது?

உரைகல்:
முதலில் சுத்தம் செய்வதைப் பற்றி. பல தடங்கள் அங்கேதான் அழிகின்றன. முனையில் காவிக்கல் பொடியோ பிசினோ ஒட்டியிருக்கிறதா என்று கழுவுமுன்பே பாருங்கள். இருந்தால் அந்த இடத்தைத் தொடாதீர்கள். உறுதியான எலும்புக்குச் சாதாரண நீரும் மென்மயிர்த் தூரிகையும் போதும். மணலோடு சேர்த்து அழுத்தித் தேய்த்தால் புதுக் கீறல் விழும். நிழலில் மெதுவாக உலரட்டும், வெயிலில் வெடித்துவிடும். நொறுங்கும் எலும்பை நனைக்கவே வேண்டாம். எலும்பை உறுதிப்படுத்தும் பாரலாய்ட் பி-72 என்ற செயற்கைப் பிசின் பூசப்பட்டிருந்தால் அந்தப் பூச்சே மெருகு போல ஏமாற்றும். எலும்பு தாங்குமானால் அசிட்டோன் நனைத்த பஞ்சால் அதை ஒற்றி எடுத்த பிறகே நுண்ணோக்கியில் வையுங்கள்.

10 முதல் 60 மடங்கு வரை பெருக்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கியில், ஒளியைப் பக்கவாட்டில் தாழ்வாக விழச் செய்து பாருங்கள். கல் விளிம்பால் சுரண்டிய எலும்பில் நீளவாக்கில் மெல்லிய கீறல்கள் இருக்கும்; கல் துள்ளித் துள்ளி நகர்வதால் அவற்றுக்குக் குறுக்கே சிற்றலை போன்ற மேடுபள்ளமும் விழும். மணற்கல்லில் உரைத்திருந்தால் பரப்பு தட்டையாகி, ஒரே திசையில் நெருக்கமான கீறல் கற்றைகள் தெரியும்.

பயன்பாட்டுத் தடம் இவற்றின் மேல் ஏறி நிற்கும். செய்தபோது விழுந்த கீறல்கள் முனையில் மங்கி, பின்னோக்கிப் போகப் போகத் தெளிவானால் முனைதான் வேலை செய்திருக்கிறது. என் பார்வையில் இந்தப் படிப்படியான மாற்றம்தான் மிக முக்கியமான சான்று. மினுமினுப்பு மட்டும் போதாது.

எந்த வேலை என்பதற்கு 100 மடங்குக்கு மேல் போக வேண்டும். மென்தோல் பள்ளங்களுக்குள்ளும் புகும், ஆகவே மெருகு எங்கும் பரவி விளிம்பு உருண்டுவிடும். மரம் பெரும்பாலும் மேடுகளை மட்டுமே தேய்க்கும். திருகித் துளைத்தால் முனையைச் சுற்றிக் குறுக்குக் கீறல்கள் விழும்.

வேர்த்தடம்:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும்: இயற்கையும் கூராக்கும், மெருகேற்றும். ஓடும் நீரும் மணலும் உருட்டிய எலும்பு பெரும்பாலும் எல்லாப் பக்கமும் தேய்ந்திருக்கும். கால்மிதியில் கீறல்கள் பல திசைகளில் தாறுமாறாக ஓடும். வேர் அரித்த தடம் வளைந்து கிளைக்கும். விலங்கு கடித்திருந்தால் அருகிலேயே பற்குழிகள் இருக்கும். அதே அடுக்கின் மற்ற எலும்புகளையும் பாருங்கள்; எல்லாவற்றிலும் அதே மெருகு இருந்தால் குத்தூசி என்று எழுதாதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்காமல் வேலையின் பெயரைச் சொல்வதும் ஆபத்து. தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த எலும்புக் கருவிகள் கிழங்கு தோண்டியவை என்று முன்பு கருதப்பட்டன. 2001-இல் பேக்வெல், டெரிக்கோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் சோதனைக் கருவிகளின் தேய்மானத்தோடு அவற்றை ஒப்பிட்டு, கரையான் புற்றைத் தோண்டியதே நன்றாகப் பொருந்துகிறது என்று காட்டினர். ஆகவே அதே வகை எலும்பில் நகல்கள் செய்து, ஒவ்வொன்றையும் ஒரே வேலைக்கு மட்டும் பயன்படுத்தி, இடையிடையே நிறுத்தி அச்செடுத்து ஒப்பிடுங்கள்.

மண்ணடுக்கு:
அச்சு எதில் எடுப்பது? எந்த விலங்கின் எலும்பு என்று வெட்டாமல் அறிய முடியுமா?

உரைகல்:
பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிலிக்கான் கலவையில் அச்செடுத்து, அதில் எபாக்ஸி ரெசின் ஊற்றலாம். ரெசினில் குமிழி நின்றால் பற்குழி போலவே தெரியும், கவனம். நுண்துளை மிகுந்த எலும்பில் அச்செடுக்க வேண்டாம், பிய்த்துக்கொண்டு வரும்.

விலங்கினத்தை எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தை வைத்து அறியலாம். பிரான்சில் கிடைத்த, நியாண்டர்தால் என்ற பழங்கால மனிதர்களின் தோல் மெருகிடும் கருவிகளுக்கு, அவற்றை வைத்திருந்த பிளாஸ்டிக் கொள்கலன்களில் ஒட்டிய துகளே போதுமானதாக இருந்தது. அவை காட்டெருது அல்லது பைசன் இன விலா எலும்புகள் என்று 2020-இல் தெரிந்தது. அதனால் பழைய பைகளைத் தூக்கி எறியாதீர்கள். ஆனால் அச்செடுப்பதற்கு முன்பே இந்த மாதிரியை எடுத்துவிடுங்கள்.