தலைவர்களை நம்பாத ஊரில் புதிதாக வந்தவர் என்ன செய்யலாம்?

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருக்கிறேன், ஆபீஸில் எல்லாரும் அரசியல்வாதிகளைத் திட்டுகிறார்களே, நாம் ஒதுங்கியே இருப்பதுதான் நல்லதா என்று கேட்டிருந்தீர்கள். ஒதுங்க வேண்டாம். ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1958-இல் அமெரிக்கர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் மத்திய அரசை நம்பினார்கள். இப்போது நான்கில் ஒருவர்கூட இல்லை. நம்பிக்கையைக் குலைத்தவை வியட்நாம் போர், அப்புறம் வாட்டர்கேட், அதாவது எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் புகுந்ததும் அதை மூடிமறைக்கப் பார்த்ததும். அதனால் 1974 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் பதவி விலகினார். ஒரே மாதத்தில், அடுத்து அதிபரான ஃபோர்டு அவருக்கு மன்னிப்பு வழங்கிவிட்டார். பெரிய இடம் என்றால் சட்டம் வளையும் என்ற எண்ணம் பலர் மனதில் அப்போதே ஊன்றிவிட்டது.

இன்றைக்கு எரிச்சலைக் கிளப்புவது பங்குச்சந்தை விவகாரம். சட்டம் இயற்றும் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர்களே பங்கு வாங்கி விற்கலாம். 2012-இல் வந்த ஸ்டாக் சட்டப்படி, 1,000 டாலருக்கு மேற்பட்ட பரிவர்த்தனையை 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தவறினால் வழக்கமான அபராதம் 200 டாலர்! அதையும் தள்ளுபடி செய்ய இடமுண்டு. காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் இணையதளத்தில் அந்த அறிக்கைகளை யாரும் பார்க்கலாம். உங்கள் தொகுதி உறுப்பினருடையதைத் திறந்து பாருங்கள். துல்லியமான தொகை இருக்காது. '1,001 முதல் 15,000 வரை' என்று ஒரு வரம்பு மட்டும் இருக்கும். மாதச் சம்பளக்காரர் வருமான வரிப் படிவத்தில் அப்படி எழுதிக் கொடுக்க முடியுமா? கட்சி வித்தியாசமில்லாமல் மக்கள் 'எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டை' என்கிற மாதிரிப் பேசுவது நியாயம்தான்.

அதற்காக, நம்மவர்கள் சிலர் சொல்வதுபோல் 'கிரீன் கார்டு வரும்வரை வாயைத் திறக்காதே' என்பதை நான் ஏற்கவில்லை. வேலை அனுமதியோ கிரீன் கார்டு விண்ணப்பமோ வழக்கத்தைவிட அதிகமாக இழுத்தடித்தால், உங்கள் தொகுதி உறுப்பினரின் உள்ளூர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். உங்கள் விவரங்களை விசாரிக்க அனுமதித்து ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். ஓட்டு இல்லாதவர் என்பதற்காகப் பெரும்பாலும் திருப்பி அனுப்புவதில்லை. நகரசபைக் கூட்டத்திலும் பள்ளி வாரியக் கூட்டத்திலும் பொதுமக்கள் பேச சில நிமிடங்கள் ஒதுக்குவார்கள். பெயர் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் மிகக் கவனம். ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது வாக்காளராகப் பதிய விருப்பமா என்று கேட்கலாம். குடியுரிமை இல்லாவிட்டால் 'இல்லை' என்றே குறியுங்கள். தவறாகப் பதிந்து ஓட்டும் போட்டால் நாடு கடத்தும் அளவுக்குப் போகும். கிரீன் கார்டு இல்லாதவர்கள் எந்தத் தேர்தலிலும் எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர்கூட நன்கொடை கொடுக்கக் கூடாது, நண்பர் வீட்டு நிதி திரட்டும் விருந்தாக இருந்தாலும் சரி.