ஜிப் லைன், ரோப் கோர்ஸ் கட்டித் தரும் தொழில்: நாலு பேரிலிருந்து மேலே போவது எப்படி?

பட்டறைக்காரன்_கோவை:

வணக்கம். கோவை கணபதியில் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், ஷெட்தான் அப்பா காலத்துத் தொழில். 2019-ல் வால்பாறைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஷெட் போட்டுக்கொண்டிருந்தபோது, ஜிப் லைன் (உயரத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்கிச் சறுக்கிப் போவது) போடத் தெரியுமா என்று ஓனர் கேட்டார். தெரியும் என்று வாய் சொல்லிவிட்டது. சென்னையிலிருந்து, கம்பிவடம் இழுத்துக் கட்டும் ரிக்கர் ஒருவரைக் கூட்டிவந்து 110 மீட்டர் லைன் போட்டோம். நன்றாக ஓடியது. அதைப் பார்த்துப் பக்கத்து எஸ்டேட், அப்புறம் ஏலகிரி, அப்புறம் பள்ளிக்கூடங்கள். இதுவரை 14 வேலை. ஆறு ஜிப் லைன். மீதி பர்மா பிரிட்ஜ் (கயிற்றுப் பாலம்), கமாண்டோ நெட் (ஏறும் கயிற்று வலை) வகை.

என்னோடு சேர்த்து நாலு பேர். இப்போது இரண்டு வேலை ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது. வயநாட்டில் 400 மீட்டர் லைன் ஒன்று. "தென்னிந்தியாவிலேயே நீளமானது" என்று போர்டு வைக்க வேண்டுமாம் (உண்மையா என்று அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை). இன்னொன்று, மூன்று பள்ளிகளுக்குத் தரையை ஒட்டிய ரோப் கோர்ஸ் (கயிறு, வலையில் ஏறி நடக்கும் பயிற்சித் தடம்). மூன்றையும் கூட்டினாலும் வயநாட்டுப் பணத்தில் பாதி வராது. கணக்கு வழக்குப் பார்க்கும் என் மனைவி பள்ளிக்கூடத்தைப் பிடி என்கிறாள். எனக்கு மனசு வயநாட்டில் இருக்கிறது. டிர்ஃபர் (வடத்தை இழுக்கும் கை இயந்திரம்), கம்பிவடம் வாங்க பேங்க் லோனுக்கும் பேசிவிட்டேன். இதில் வளர்ந்தவர்கள் எப்படி வளர்ந்தார்கள்?

ஏற்காட்டு_ரிக்கர்:

தம்பி, 17 வருடமாக இந்தக் கம்பிவடத்தில்தான் தொங்குகிறேன். முதலில் 400 மீட்டர் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

12 மி.மீ. வடம், ஸ்டீல் கோர் (நடுவிலும் கம்பிதான்), 1770 கிரேடு (கம்பியின் வலிமை). அறுபடும் சுமை சுமார் 9 டன். மீட்டருக்கு 600 கிராம் எடை. 100 கிலோ ஆள் நடுவில் இருக்கும்போது 20 மீட்டர் தொய்வு விட்டால் வடத்தில் சுமார் 1.1 டன் இழுவை. எட்டு மடங்கு கையிருப்பு இருக்கிறது, நிம்மதி. வடம் தொங்குவது பார்க்க நன்றாக இல்லை, இன்னும் இழுத்துக் கட்டுங்கள் என்று ஓனர் சொல்வார். கட்டாயம் சொல்வார். தொய்வை 8 மீட்டராகக் குறைத்தால் அதே ஆளுக்கு 2.75 டன். எட்டு மடங்கு இருந்தது மூன்றே கால் ஆகிவிட்டது. வடத்தின் முனையை மண்ணில் பிடித்திருக்கும் ஆங்கரும் அதைத்தான் தாங்க வேண்டும். இது வாய்க்கணக்குதான், டிசைன் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் கையெழுத்தோடு வரவேண்டும். இடம் வேறு வயநாடு. 2024 ஜூலையில் சூரல்மலையில் நடந்த நிலச்சரிவுக்குப் பிறகு, மண் பரிசோதனை இல்லாமல் அந்தச் சரிவுகளில் ஆங்கருக்குக் குழி தோண்ட நான் போகமாட்டேன்.

வளர்ச்சிக்கு வருகிறேன். 14 வேலை முடித்தேன் என்கிறீர்கள். எதுவும் முடியவில்லை தம்பி. கேட் மாட்டினால் பில் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். ஜிப் லைனில் ஆள் போகிற வரைக்கும் அது உங்கள் தலையில்தான். அந்த 14 இடத்தில் எத்தனைக்கு ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டிருக்கிறீர்கள்? என் கம்பெனியில் இன்று 11 பேருக்குச் சம்பளம் போவது பெரும்பாலும் ஏ.எம்.சி. பணத்தில்தான். புது வேலை வந்தால் போனஸ்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு காபி எஸ்டேட்டில் லைன் போட்டோம். டவர் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியை ஒரு பெரிய சில்வர் ஓக் மரத்தில் கட்டியிருந்தோம். எட்டு மாதம் கழித்து பிரேக் ஸ்பிரிங் மாற்றப் போனால், எங்கள் ஸ்டே மரத்தில் வெள்ளைப் பெயிண்டில் 63 என்று எழுதியிருக்கிறது. எஸ்டேட்காரர் மரங்களை வியாபாரிக்கு விற்றுவிட்டார். திங்கட்கிழமை வெட்டு. நாங்கள் போனது வெள்ளிக்கிழமை! அன்றைக்கு ஏ.எம்.சி. இல்லாமல் சும்மா இருந்திருந்தால்... அதற்கு மேல் நான் யோசிப்பதில்லை. இப்போது கான்கிரீட் ஆங்கர் இல்லாமல் நான் வேலை எடுப்பதில்லை.

முதலில் பழைய சைட்டுக்கெல்லாம் ஒரு டார்க் ரெஞ்சோடு (நட்டை அளவாக முறுக்கும் ஸ்பேனர்) போய்வாருங்கள். வடத்தை மடக்கிப் பிடிக்கும் புல்டாக் கிளிப்பில் சேடில் (வடம் உட்காரும் அடிக்கட்டை) சுமை தாங்கும் பக்கம், யு-போல்ட் மடங்கி வரும் வால் முனைப் பக்கம். புதுப் பையன்கள் மாற்றிப் போடுவார்கள். சுமை ஏறிய பிறகு நட்டை மறுபடி முறுக்கவும் மறப்பார்கள்.

துபாய்_மணி:

போர்டு விஷயத்துக்கு மட்டும். 2016-ல் போர்ட்டோ ரிக்கோவில் 2.2 கிலோமீட்டர் லைன் கின்னஸ் வாங்கியது. 2018-ல் இங்கே ராஸ் அல் கைமாவில் ஜெபல் ஜைஸ் மலையில் 2.83 கிலோமீட்டர் போட்டார்கள். கின்னஸ் சாதனையே இரண்டு வருடம்தான் நின்றது. உங்கள் 400 மீட்டர் போர்டை அடுத்த மலைக்காரர் 450 போட்டுக் கழற்றிவிடுவார்.

இன்னொன்று. ராஜஸ்தானில் நீம்ராணா கோட்டையில் 2009-ல் ஃப்ளையிங் ஃபாக்ஸ் என்ற பெயரில் ஜிப் லைன் ஆரம்பித்தவர்கள் கட்டிக்கொடுத்துவிட்டுப் போகவில்லை, டிக்கெட் போட்டு அவர்களே நடத்தினார்கள். அப்புறம் ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டை. அப்படியும் வளரலாம். ஆனால் அதற்குப் பண பலம் வேண்டும்.

பி_டி_வாத்தியார்:

பள்ளிக்கூடம் பக்கம் இருந்து பேசுகிறேன். எங்கள் பள்ளியில் ஒரு கம்பெனி ரோப் கோர்ஸ் கட்டி, திறப்பு விழாவில் சால்வை வாங்கிக்கொண்டு போனது. யாருக்கும் பயிற்சி இல்லை. எனக்கு ஹார்னஸ் (உடம்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டை) மாட்டத் தெரியாது என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் வெட்கத்தில் சொல்லவில்லை. 24 ஹார்னஸும் ஸ்டோர் ரூமில். அடுத்த வருடம் எடுத்துப் பார்த்தால் கால் பட்டையை எலி கடித்திருக்கிறது. நெட் மேல் இப்போது ஹாஸ்டல் பையன்கள் துணி காயப்போடுகிறார்கள்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாமில்டனில் 1971-ல் ஒரு பள்ளித் திட்டமாகத் தொடங்கியதுதான் ப்ராஜெக்ட் அட்வென்ச்சர். ரோப் கோர்ஸை பி.டி. வகுப்புக்குள் கொண்டுவந்தவர்கள். கட்டுவதோடு வாத்தியார்களுக்குப் பயிற்சியும் கொடுத்தே அமைப்பு பெரிதானது. நீங்கள் மூன்று நாள் பயிற்சியும் சேர்த்துக் கொட்டேஷன் கொடுங்கள். எங்கள் தலைமையாசிரியர் நம்பரை நானே தருகிறேன், தனிச்செய்தியில் வாருங்கள்.

பட்டறைக்காரன்_கோவை:

ரிக்கர் அண்ணா, நீங்கள் சொன்னதும் வியாழக்கிழமை வால்பாறைக்குப் போனேன், 2019 லைனைப் பார்க்க. கீழ் டவரில் மூன்று கிளிப். நடுக்கிளிப் சேடில் மாறியிருக்கிறது. யு-போல்ட் சுமைப் பக்கம் அழுத்தி வடத்தில் பள்ளம் விழுந்து, இரண்டு இழை அறுந்து முள் மாதிரி நிற்கிறது. வேறு யாரும் மாற்றவில்லை. நாங்கள் போட்டதுதான், என் கை டார்க் மார்க் (நட்டை முறுக்கியதும் போடும் குறி) அதிலேயே இருக்கிறது.

லைனை நிறுத்துங்கள் என்றேன். சனி, ஞாயிறு புக்கிங் இருக்கிறது, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஓனர். அரை மணி நேரம் பேசிப் பார்த்தேன். கடைசியில் இரண்டு ட்ராலியையும் (வடத்தில் ஓடும் கப்பி) கழற்றி என் வண்டியில் போட்டுக்கொண்டு மலை இறங்கிவிட்டேன். நாளைக்குப் புது வடத்தோடு போகிறோம், என் செலவில். மிச்சம் 13 இடம் இருக்கிறது. வயநாட்டுக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

வாத்தியார் சார், தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.